குசினி வாசலில் ஒரு சோடிச் செருப்பு

மிஸியை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது அவருடைய முகமல்ல, அவருடைய செருப்பு. மண்ணிறம், இடது வாரில் கறுப்பு நூலால் போட்ட ஒரு தையல், அவ்வளவுதான். ஆனால் அந்தச் செருப்பை எந்த வீட்டின் முன்வாசல் படியிலும் நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனால், குசினி வாசலில், கழுவக் கிடக்கும் சட்டிகளுக்கும் தண்ணீர் வாளிக்கும் நடுவே, அந்த வீட்டுக்காரியின் செருப்போடு செருப்பாகக் கிடக்கும். யாழ்ப்பாணத்தில் எங்கள் தீவுப் பகுதியில் இது சாதாரண காரியம் அல்ல. ஓர் உத்தியோகத்தர் வருகிறார் என்றால் முன்விறாந்தையில் கதிரை போட்டு, அதை ஒரு தரம் துடைத்து, துடைத்ததை அவர் கண்டாரா என்றும் பார்த்துக்கொண்டு, பிறகுதான் இருக்கச் சொல்வார்கள். குசினிப் பக்கம் வருகிறவர்கள் சொந்தக்காரரும் அயலட்டையும் மட்டுமே. வெளியாளுக்கு அங்கே உரிமை கிடையாது. மிஸி அந்த உரிமையை எப்படிப் பெற்றார் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் தாதிமாரை மிஸி என்றுதான் அழைப்போம். இவர் அரசாங்க ஆசுபத்திரிகளில் நெடுங்காலம் வேலை செய்து, ஓய்வு பெற்று, சொந்த ஊரான புளியங்கூடலுக்கு வந்தவர். வந்தவருக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. வயதானவர்களுக்கும் உடல் இயலாதவர்களுக்கும் வீட்டுக்கே பராமரிப்பாளரை அனுப்பும் ஒரு சேவை அப்போதுதான் ஊர்காவற்றுறையில் தொடங்கியிருந்தது. காலையில் ஒரு பெண் வந்து, குளிக்க வார்த்து, உடுப்பு மாற்றி, சமைத்து வைத்து, மருந்தும் கொடுத்துவிட்டுப் போவாள். ஆட்கள் கொஞ்சம், கேட்கும் வீடுகள் நிறைய. ஆகவே வீடு வீடாகப் போய்ப் பார்த்து, யாருக்குத் தகுதி இருக்கிறது, யாருக்கு இல்லை என்று சொல்ல ஒருவர் வேண்டும். அந்த வேலைக்கு மிஸி வந்தார். இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு அரக்கப்பரக்க ஓடிவரும் நான் அவருக்கு உதவியாளர். இன்று அந்தத் தகுதி சொல்லும் கதிரையில் நான் இருக்கிறேன். இந்த மாதம் என் மேசைக்கு வந்த பெயர்களில் மிஸியின் பெயரும் ஒன்று.

அதைத் தந்தவர் மிஸி அல்ல, கனடாவில் இருக்கும் அவருடைய மகள். போன மாரியில் மிஸிக்குப் பாரிசவாதம் வந்து, வலது கையும் காலும் சொல்வழி கேட்காமல் போயின. ஆசுபத்திரியில் கொஞ்சம் தேறி வீட்டுக்கு வந்துவிட்டார். கணவர் எப்போதோ காலமானவர். வீட்டில் வேறு ஆள் இல்லை. மகள் தொலைபேசியில் அழாத குறையாகச் சொன்னார். "அக்கா, நான் கேட்டால் அம்மா தனக்கு ஒண்டுமில்லை எண்டுதான் சொல்லுறா. நீங்கள் ஒருக்கா நேரை போய்ப் பாருங்கோ. உங்கடை ஆக்கள் வந்து பாப்பினம் எண்டால் அவ தன்ரை வீட்டிலையே இருக்கட்டும். இல்லையெண்டால் வீட்டைப் பூட்டிப்போட்டு யாழ்ப்பாணத்திலை ஒரு இல்லத்திலை விடுறதைத் தவிர எனக்கு வேறை வழி தெரியேல்லை." அதாவது, சொந்த வீட்டில் இருக்க வேண்டுமென்றால் மிஸி தன்னால் முடியாது என்று காட்ட வேண்டும். எல்லாம் முடியும் என்று காட்டினால் வீடு போய்விடும். இந்தச் சிக்கலை மற்றவர்களுக்காக அவிழ்த்து அவிழ்த்தே தன் ஓய்வுக் காலத்தைக் கழித்த மனிசி, இப்போது தானே அதற்குள் வந்து நிற்கிறார். அந்தத் தொலைபேசியை வைத்தபிறகு எனக்கு அன்று முழுவதும் ஒரு வேலையும் ஓடவில்லை.

வெளியூர்க்காரருக்கு இது விளங்காது. உதவி கேட்கிறவர்கள் தங்கள் கஷ்டத்தைக் கொஞ்சம் கூட்டித்தானே சொல்வார்கள், அதைத் தட்டிக் குறைப்பதுதானே அதிகாரியின் வேலை என்று நினைப்பார்கள். சேவையை வகுத்தவர்களும் அப்படி நினைத்துத்தான் கேள்விகளை எழுதியிருந்தார்கள். தானாக நடக்க முடியுமா, குளிக்க முடியுமா, சமைக்க, உடுக்க, மலசலகூடம் போக முடியுமா என்று அவை போகும். எங்கள் தீவுகளில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் உண்டு. "ஏன் ஏலாது?" கட்டிலோடு கிடக்கிறவர்கூடத் தலையணையில் சாய்ந்துகொண்டு அப்படித்தான் திருப்பிக் கேட்பார். சண்டை, இடப்பெயர்வு, வெளிநாடு என்று அயல் முழுவதும் பூட்டிக்கொண்டு போனபோது, நான் இங்கேயே இருக்கிறேன் என்று நின்றவர்கள் அவர்கள். ஏலாது என்று ஒரு தரம் வாயால் விட்டால், அடுத்த கிழமை யாராவது வந்து ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் அவர்களுக்கு உண்டு. அதைவிட, வீட்டுக்கு வந்த ஆளின் முன்னால் விழுந்து கிடக்கும் பழக்கம் எங்கள் சனத்துக்கு இல்லை. வருகிறார்கள் என்று தெரிந்தால் போதும். சாகக் கிடக்கிறவரும் எழும்பி நல்ல வேட்டி கட்டிவிடுவார்.

மிஸியும் முதலில் இதில் ஏமாந்தவர்தான். புங்குடுதீவில் ஒரு முதலாளி அம்மா இருந்தார். அவருடைய கணவர் ஒரு காலத்தில் தெற்கே கடை வைத்திருந்தவர், ஊரார் அந்தப் பெயரை மனைவிக்கும் கொடுத்துவிட்டார்கள். கணவர் இல்லை, பிள்ளைகள் வெளிநாட்டில், பெரிய கல்வீட்டில் அறைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. பக்கத்து வளவுப் பெண் அவருடைய பெயரை எங்களிடம் தந்திருந்தாள். வருகிறோம் என்று ஒழுங்காக முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் போனோம். முன்விறாந்தையில் கதிரைகள் துடைத்துப் போடப்பட்டிருந்தன. முதலாளி அம்மா வாசல் நிலையில் ஒரு கையை வைத்தபடி நின்றே எங்களை வரவேற்றார். மடிப்புக் கலையாத சேலை, நெற்றியில் திருநீறு, எண்ணெய் வைத்து இழுத்த கொண்டை. "வாங்கோ மிஸி, இருங்கோ. இந்த வெயிலுக்குள்ளாலை வந்திருக்கிறியள்" என்றார். பிறகு உள்ளே திரும்பி, கதவடியில் ஆயத்தமாக இருந்த தட்டத்தில் தேத்தண்ணியும் பனங்காய்ப் பணியாரமும் எடுத்து வந்து, தன் கையாலேயே மேசையில் வைத்தார். தட்டத்தில் கோப்பைகள் கிணுகிணுத்தது எனக்கும் கேட்டதுதான். ஆனால் என் கவனம் பணியாரத்தில் இருந்தது. நல்ல பணியாரத்தைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் காது கேட்காது.

மிஸி கேள்விகளைக் கேட்டார். "சமையல் என்னமாதிரி, அம்மா?" "ஒரு ஆளுக்கு என்ன பெரிய சமையல், மிஸி? அதெல்லாம் நான் பாத்துக்கொள்ளுவன்." "கிணத்திலை அள்ளித் தோய்வியளோ?" "ஏன் ஏலாது?" இப்படியே போனது. நடக்கிறார், சமைக்கிறார், தானாகக் குளிக்கிறார், உதவி தேவையில்லை என்று மிஸி எழுதிக்கொண்டார். வெளியே வந்தபோது, "இந்த வயசிலை எப்பிடி நேரா நிக்கிறா, பாத்தியே பிள்ளை? நீயும் இருக்கிறாய், இப்பவே கூனிக்கொண்டு" என்று எனக்கும் ஒரு குட்டு வைத்தார். மிஸியின் வாய் அப்படி. ஆசுபத்திரி வாட்டில் பழகிய குரல், மெல்லப் பேசினாலும் அடுத்த வளவுக்குக் கேட்கும்.

எங்கள் வானுக்கு எங்களைவிட வயது கூட. அன்றைக்கு அது அந்த வீட்டைச் சுற்றிப் பின் ஒழுங்கைக்கு வந்ததும் புகைவிட்டுக்கொண்டு நின்றுவிட்டது. சாரதி அண்ணை மூடியைத் திறந்து பார்ப்பதும், ஊதுவதும், திட்டுவதுமாக நெடுநேரம் போக்கினார். கடைசியில் தண்ணீர் இல்லாமல் அது அசையாது என்று தெரிந்தது. அவர் தண்ணீர்க் கானைத் தூக்கிக்கொண்டு வளவுக்குள் போகப் பார்த்தார். "நில்லும். தனியப் பொம்பிளை இருக்கிற வளவு. நான் போய்ச் சொல்லிப்போட்டு வாறன்" என்று மிஸி அவரை நிறுத்தினார். வேலியில் ஆள் கடக்க விட்டிருந்த இடைவெளியால் மிஸி முன்னும் நான் பின்னுமாக உள்ளே போனோம். அங்கிருந்து குசினியும் கிணற்றடியும் நேரே தெரிந்தன.

முதலாளி அம்மா நிலத்தில் இருந்தார். நல்ல சேலை கொடியில் கிடந்தது. பழைய சட்டையோடு, இரண்டு கால்களையும் முன்னே நீட்டி, ஒரு மடித்த சாக்கின் மேல் இருந்தார். கைகளைத் தரையில் ஊன்றி உடம்பைக் கொஞ்சம் தூக்கி, சாக்கோடு சேர்த்துத் தன்னை இழுத்தார். பிறகு நின்று மூச்சு வாங்கினார். பிறகு மறுபடி இழுத்தார். நாங்கள் குடித்த கோப்பைகள் அவருடைய மடியில் இருந்தன. அவற்றைக் கழுவத்தான் கிணற்றடிக்குப் போய்க்கொண்டிருந்தார். எனக்கு வாயில் இன்னும் பணியாரத்தின் இனிப்பு இருந்தது. அதை எங்கே துப்புவது என்று தெரியவில்லை.

மிஸி என் கையை இறுகப் பிடித்து, சத்தமில்லாமல் வேலிக்கு வெளியே இழுத்துக்கொண்டு வந்தார். வந்து ஒழுங்கையில் நின்று சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். பிறகு அந்த ஆசுபத்திரிக் குரலை எடுத்தார். "அம்மோய்! வான் நிண்டுபோச்சு. கொஞ்சத் தண்ணி வேணும். அவசரமில்லை, ஆறுதலாச் சொல்லுங்கோ!" உள்ளே ஏதோ உருளும் சத்தம் கேட்டது. கதவு ஒன்று சாத்தப்பட்டது. அதுவரை மிஸி ஒழுங்கையில் நின்ற பூவரசைப் பார்த்தபடி காத்திருந்தார். வீட்டுக்குள்ளிருந்து, "ஓம், ஓம், வந்து அள்ளச் சொல்லுங்கோ" என்று முதலாளி அம்மாவின் குரல் வந்தபிறகுதான் சாரதி அண்ணையை விட்டார். அவருக்கும் "கிணத்தை மட்டும் பாத்து அள்ளும்" என்று கட்டளை. நான் மிஸியோடு அதற்கு முன் பல வீடுகள் ஏறி இறங்கியிருக்கிறேன். அவருடைய கண்டிப்புக்குப் பயந்திருக்கிறேன். அவரை மனதார மதிக்கத் தொடங்கியது அந்த ஒழுங்கையில்தான்.

வான் கடலுக்கு நடுவே போகும் தெருவில் ஏறியது. மிஸி வெளியே பார்த்தபடியே சொன்னார். "எத்தினை வருத்தக்காரரை எழுப்பி நடக்க வைச்சுப் பாத்தனான். இண்டைக்கு ஒரு தேத்தண்ணியிலை ஏமாந்துபோனன்." அந்த அம்மா நிலையைப் பிடித்தபடி நின்றதையும், மேசைவரை வந்து மேசையைப் பிடித்துக்கொண்டதையும், அதற்கு அப்பால் ஓர் அடியும் எடுத்து வைக்காததையும் அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். எல்லாம் கண்ணுக்கு முன்னால்தான் நடந்தது. விருந்தாளியாக இருந்து பார்த்ததால் ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த தரம் மிஸி வானில் போகவில்லை. முன்னறிவிப்பும் இல்லை, அலுவலகப் பையும் இல்லை. பஸ் ஏறிப் போனார், நானும் ஒட்டிக்கொண்டேன். நேரே பின் ஒழுங்கையால் வந்து, வேலி இடைவெளிக்கு வெளியே நின்று, "அம்மா, நான்தான் மிஸி, வரலாமோ?" என்று குரல் கொடுத்து, பதில் வந்தபிறகு உள்ளே போனார். குசினி வாசலில் செருப்பைக் கழற்றினார். அந்தச் செருப்பு அப்படிக் கிடந்ததை நான் முதன்முதலில் கண்டது அன்றுதான். முதலாளி அம்மா பதறிப்போய்க் கதவு நிலையைப் பிடித்து எழும்பப் பார்த்தார். மிஸி அவருக்கு முன்னால், வெறுந்தரையில் சம்மணம் கொட்டி இருந்துவிட்டார். "எழும்பாதேங்கோ. நான் கதிரையிலை இருக்க வரேல்லை." பக்கத்தில் பாதித் தேங்காயும் திருவலையும் கிடந்தன. மிஸி அதை இழுத்து வைத்துக்கொண்டு தேங்காய் திருவத் தொடங்கினார். மீன் விலை பேசினார்கள். கிணற்றுத் தண்ணீர் சவர்ப்பதைப் பேசினார்கள். கோயில் திருவிழாவுக்கு யார் யார் வெளிநாட்டிலிருந்து வந்தார்கள், யார் கொழுத்துப்போய் வந்தார்கள் என்று பேசிச் சிரித்தார்கள். சேவை பற்றியோ தகுதி பற்றியோ ஒரு வார்த்தை இல்லை.

தேங்காய் திருவி முடிகிற நேரம் மிஸி போகிற போக்கில் கேட்டார். "கொண்டை வடிவா இருக்கு. ஆர் தலை இழுத்துவிடுறது?" முதலாளி அம்மாவின் கை கொண்டைக்குப் போனது. "பக்கத்து வளவுப் பிள்ளைதான். நீங்கள் வந்த அண்டும் அவள்தான் சீலை உடுத்தி, தேத்தண்ணியும் ஊத்தி வைச்சுப்போட்டுப் போனவள். அவளும் இனிக் கொழும்புக்குப் போறாள்" என்றார். பிறகு அந்தப் பயத்தைக் கேட்டார். "எழுதினால் என்னைக் கொண்டுபோயிடுவினமோ, மிஸி?" "கொண்டுபோறதுக்கு இல்லை அம்மா. நீங்கள் இஞ்சை இருக்கிறதுக்குத்தான் எழுதுறது." முதலாளி அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. சட்டை நுனியால் துடைத்துக்கொண்டு, ஒரு குழந்தை கேட்பதுபோலக் கேட்டார். "அண்டைக்கு உங்களுக்கு முன்னாலை நான் நிண்டன்தானே?" மிஸி தேங்காய்ப்பூவைக் கிண்ணத்தில் தட்டிக்கொண்டே சொன்னார். "ஓம் அம்மா. வடிவா நிண்டனீங்கள்."

தெரிவுக் குழுவில் இது சுலபமாகப் போகவில்லை. குழுவின் தலைவர் இளைப்பாறிய ஒரு பள்ளிக்கூட அதிபர். நேர்மையான மனிதர், ஆனால் பெரிய வீட்டைக் கண்டால் அவருக்குக் கோபம் வரும். "பிள்ளையள் வெளிநாட்டிலை, வீடு அரண்மனை மாதிரி. ஓலைக் கொட்டிலுக்குள்ளை கிடக்கிற சனம் காத்துக்கொண்டிருக்கு. இவவுக்கு என்னெண்டு குடுக்கிறது?" என்று கேட்டார். மிஸி எழுந்து நின்றார். "சேர், அந்த வீடு எழும்பி வந்து அவவுக்குக் குளிக்க வாக்குமோ? வெளிநாட்டுக் காசு வந்து சீலை உடுத்திவிடுமோ? ஓலைக் கொட்டிலுக்கும் குடுப்பம். இவவுக்கும் குடுப்பம்." அதிபர் விடவில்லை. "மிஸி, போன முறை நீங்கள்தானே இவ நல்லா நடக்கிறா எண்டு எழுதினனீங்கள்?" மிஸி ஒரு சொட்டும் தடுமாறவில்லை. "ஓம் சேர், நான்தான் எழுதினனான். தேத்தண்ணி குடிச்சுப்போட்டு எழுதினனான். அது பிழை." மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள், அதிபரும் கூட. அன்றைக்கே முதலாளி அம்மாவுக்கு ஒரு பராமரிப்பாளர் ஒழுங்காயிற்று. அவர் அந்த வீட்டிலேயே, சொந்தக் கட்டிலில், நல்லபடியாகக் கண்ணை மூடினார். தன் பிழையைச் சபையில் இப்படி எடுத்து வைத்த வேறு அதிகாரியை நான் இன்றுவரை கண்டதில்லை. நானும் முயன்று பார்த்திருக்கிறேன். நாக்கு வராது.

அதற்குப் பிறகு அவருடைய வேலை முறையே மாறிவிட்டது. முன்வாசலால் போவதில்லை. முடியுமா என்று கேட்பதில்லை. குசினி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஏதாவது ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொள்வார். வெங்காயம் உரிப்பார், கீரை ஆய்வார். கேள்விகள் அந்த வேலைக்கு நடுவே தாமாக வரும். நெடுந்தீவில் மாடு வளர்த்த ஒரு கிழவருக்குப் பார்வை முற்றாகப் போயிருந்தது. அதை ஊருக்கே தெரியாமல் வைத்திருந்தார். கல்வேலி போட்ட தன் வளவுக்குள் தடி இல்லாமல் நடந்து திரிவார். குறிகட்டுவானில் படகேறி, வழி நெடுக வயிற்றைப் பிரட்டி, செத்தும் சாகாமலும் நான் அங்கே போய்ச் சேர்ந்திருந்தேன். கிழவர் எங்களோடு கம்பீரமாகக் கதைத்தார். மிஸி பால் சட்டியைக் கழுவ எழுந்து போனபிறகும் அவர் மிஸி இருந்த இடத்தைப் பார்த்தே கதைத்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்த மிஸி அதைக் கண்டதும், முன்பு இருந்த அதே இடத்தில் போய் இருந்துகொண்டார். அவருக்கும் ஓர் ஆளை ஒழுங்கு செய்தோம். கண் தெரியாததற்கு என்று சொல்லவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் வைக்க என்று சொல்லித்தான் அனுப்பினோம்.

இவ்வளவையும் அறிந்த ஒருவரைத்தான் நான் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. புளியங்கூடலுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு இதே யோசனைதான். என்ன தந்திரம் செய்தாலும் அது மிஸியிடம் படித்த தந்திரம். அவர் மறைக்க நினைத்தால் என்னால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. நான் வருவதை மகள் முன்பே அவரிடம் சொல்லியும் விட்டிருந்தார். அலுவலகத்தில் இப்போது இருப்பவர்கள் கண்ணால் கண்டதை மட்டும் எழுது என்கிறவர்கள். மிஸி நின்று காட்டினால் நின்றார் என்றுதான் நான் எழுத வேண்டும். எழுதினால் அந்த வீட்டுக்குப் பூட்டு.

நான் பயந்தபடியேதான் இருந்தது. முன்விறாந்தையில் மிஸி கதிரையில் நிமிர்ந்து இருந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை. தலையை அயலில் யாரோ வடிவாக இழுத்துவிட்டிருந்தார்கள். வலது கை சேலைத் தலைப்புக்குள் மறைந்திருந்தது. எதிரே எனக்கு ஒரு கதிரை, துடைத்த ஈரம் இன்னும் காயவில்லை. "வா பிள்ளை, இரு." பேசும்போது வாய் ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் இழுபட்டது. "எப்பிடி இருக்கிறியள், மிஸி?" என்று கேட்டேன். "எனக்கென்ன? ஒரு குறையுமில்லை." எத்தனையோ வீடுகளில் கேட்ட அதே பதில், அதே நேர் முதுகு. எனக்குக் கோபம் வந்தது. மற்றவர்களோடு வரும் கோபமல்ல, அம்மாவோடு வரும் கோபம். உங்களுக்குமா மிஸி என்று கேட்க வாய் துடித்தது.

கேட்கவில்லை. "கிணத்தடியிலை கால் கழுவிப்போட்டு வாறன்" என்று எழுந்தேன். மிஸி என்னை ஒரு கணம் பார்த்தார். அந்தப் பார்வையில் பழைய கண்டிப்பு அப்படியே இருந்தது. "உனக்குப் பின்னாலை போற வழி தெரியும்தானே" என்றார். அவ்வளவுதான்.

வீட்டைச் சுற்றிக்கொண்டு போனேன். குசினிக் கதவு அகலத் திறந்து கிடந்தது. தன் குசினியில் ஒரு கரண்டி இடம் மாறினாலும் பொறுக்காதவர் மிஸி. அந்தக் குசினியில் அடிப்பிடித்த சோற்றுப் பானை கழுவாமல் கிடந்தது. உடைந்த கோப்பையின் துண்டுகளைக் காலாலோ தடியாலோ மூலைக்குத் தள்ளியிருந்தார். பாதி வெட்டிய வெங்காயம் பலகையில் காய்ந்து கிடந்தது, கத்தி இடது கைப் பக்கத்தில். தரையில் மா கொட்டி, அதை ஈரத்துணியால் அள்ளப் பார்த்து, இன்னும் பரவியிருந்தது. தலை இழுத்துவிட்ட கைக்கு இதையெல்லாம் கூட்டித் துடைக்க எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? மிஸிதான் விடவில்லை. முன்னால் தனக்குச் சேலை உடுத்திக்கொண்டு, பின்னால் கதவைத் திறந்து வைத்துவிட்டு எனக்காகக் காத்திருந்திருக்கிறார். வாயால் சொல்ல முடியாததை இப்படிச் சொல்லியிருக்கிறார். நான் வாசலிலேயே நின்று அழுதேன்.

அழுதபடி கீழே பார்த்தபோது அந்தச் செருப்பு கிடந்தது. வாரில் கறுப்பு நூல் தையல் போட்ட இடது செருப்பில் புதுக் கால் அடையாளம் இருந்தது. வலது செருப்புக்குள் சிலந்தி வலை கட்டியிருந்தது. நான் என் செருப்பைக் கழற்றி, அதற்குப் பக்கத்தில் விட்டேன்.

உள்ளே கால் வைத்தபோது முன்விறாந்தையிலிருந்து குரல் வந்தது. முன்பு அடுத்த வளவுக்குக் கேட்ட குரல், இப்போது குசினிவரை வந்து சேரப் பாடுபட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, கதிரை துடைத்துப் போட்டிருந்த அந்த விறாந்தையில் தேத்தண்ணி இருக்கவில்லை.

"பிள்ளை, தேத்தண்ணிக்குத் தண்ணி வை" என்றார் மிஸி. பிறகு சொன்னார். "என்னாலை ஏலாது."

"ஓம் மிஸி" என்று சொல்லிவிட்டுக் கேத்திலைக் கழுவ எடுத்தேன்.